மேஸ்திரிக்குப் பெண்பால் என்ன?



ஆசிரியர் – ஆசிரியை, நடிகர் – நடிகை, மாணவர் – மாணவி. இதெல்லாம் தொடக்கப்பள்ளியிலேயே எழுதிப் பழகியாச்சு. சரி, மேஸ்திரிக்குப் பெண்பால் என்ன?

புக்கிட் பாஞ்சாங்கில் நடக்கும் நம் சனிக்கிழமைச் சந்திப்பில் இதைக் கேட்டுப் பார்த்தேன். ஒரு தங்கை ‘மேஸ்திரியம்மா’ என்றார். அது மேஸ்திரியின் மனைவியைக் குறிக்கும் சொல். பின்வரிசையில் இருந்த தம்பி ஒருவர், “அண்ணே, பொம்பளைங்களுக்கு அந்த வேலையே இல்லையே, அப்புறம் எதுக்கு வார்த்தை?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அன்று வந்த பதில்களில் அதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

மேஸ்திரி நம் சொல் இல்லை. கப்பலில் வந்த போர்த்துக்கீசியர்கள் ‘மெஸ்த்ரே’ என்று சொன்னதை நாம் மேஸ்திரி ஆக்கிக்கொண்டோம். அந்தச் சொல் லத்தீனின் ‘மாகிஸ்டெர்’ வழியாக வந்தது. அதே மாகிஸ்டெர்தான் ஆங்கிலத்தில் மாஸ்டர், ஜெர்மன் மொழியில் மைஸ்டர். ஆக, ஊரில் சாரத்தின் மேல் நிற்கும் மேஸ்திரியும், தேக்காவில் டீ ஆற்றும் மாஸ்டரும், பெர்லினில் பட்டறை வைத்திருக்கும் மைஸ்டரும் ஒரே தாத்தாவின் பேரன்கள். பேரன்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், கட்டிங் மாஸ்டர், டான்ஸ் மாஸ்டர் என்றதும் உங்கள் மனத்தில் வந்து நிற்பது ஆணா, பெண்ணா?

ஜெர்மன் மொழியில் பெண்பால் உண்டு: ‘மைஸ்டரின்’. தமிழ்க் காதில் இது ‘மைஸ்டருடைய’ என்று விழும். வேடிக்கைதான். அங்கே தொழிலில் தேர்ந்தவளைக் குறிக்கும் சொல், நம் காதுக்கு யாரோ ஒரு மைஸ்டருக்குச் சொந்தமானவளைச் சொல்வதுபோல் கேட்கிறது.

இந்த மைஸ்டர் என்பது என்ன என்று கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம். அது வெறும் மரியாதைப் பட்டம் இல்லை. ஜெர்மனியில் ஒரு தொழிலைப் பல ஆண்டு பழகி, தேர்ச்சி பெற்று, அதன் பிறகு எழுதும் தேர்வு. நான்கு பகுதிகள். முதலாவது கைவேலை: செய்து காட்ட வேண்டும். இரண்டாவது அந்தத் தொழிலின் அறிவு. மூன்றாவது கணக்கு வழக்கு, சட்டம், தொழில் நடத்தும் முறை. நான்காவதுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. பிறருக்குக் கற்றுத் தரத் தெரியுமா என்று ஒரு தனித் தேர்வு! சுவர் நேராக எழுப்பத் தெரிந்தால் மட்டும் போதாது, நேராக எழுப்ப இன்னொருவரைப் பழக்கவும் தெரிய வேண்டும். அந்த நாட்டின் தகுதிப் படிநிலையில் மைஸ்டர் 6-ஆம் நிலையில் இருக்கிறது; பல்கலைக்கழக இளநிலைப் பட்டமும் அதே 6-ஆம் நிலைதான்.

இதைப் படித்ததும் எனக்கு ஊர்ச் சொல் ஒன்று நினைவுக்கு வந்தது. சித்தாள்.

தமிழ்நாட்டில் வீடு கட்டும் இடத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே கரண்டி பிடிப்பவர் கொத்தனார். ‘ஆர்’ என்ற மரியாதை விகுதி சொல்லிலேயே இருக்கிறது. கலவை சுமப்பவர், செங்கல் எடுத்துக் கொடுப்பவர் சித்தாள். சிறு ஆள் என்பதே சித்தாள். கையாளாக வேலைக்குச் சேரும் பையன் சில ஆண்டில் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டு கொத்தனார் ஆகிவிடுகிறான். அவனோடு அன்றே சேர்ந்த பெண் பேரப்பிள்ளை எடுத்த பிறகும் சித்தாளாகவே இருக்கிறாள். கலவை எந்தப் பதத்தில் இருக்க வேண்டும், சிமெண்ட் எவ்வளவு, மணல் எவ்வளவு எல்லாம் அவளுக்குத் தெரியும். இருபது வருஷமாக அவள்தானே கலக்கிறாள்? கரண்டியை மட்டும் யாரும் அவள் கையில் கொடுக்கவில்லை. கூலியும் பாதிதான், அல்லது பாதிக்குச் சற்று மேலே.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. நம் ஊரிலேயே சிவப்புத் தலைத்துணி கட்டிய சம்சுய் பெண்களின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். சீனாவின் குவாங்டோங் பகுதியிலிருந்து வந்து, இந்தத் தீவின் கட்டடங்களுக்கு மண்ணும் கல்லும் சுமந்தவர்கள். இன்று அவர்களை நாம் போற்றுகிறோம், நல்லது. ஆனால் அவர்களை நாம் நினைவு வைத்திருப்பதே சுமந்தவர்களாகத்தான்.

ஜெர்மனியும் ஒன்றும் சொர்க்கம் இல்லை. கொலோன் நகரில் 1397-இல் நூல் செய்யும் பெண்களுக்கும், 1437-இல் பட்டு செய்யும் பெண்களுக்கும் தனித் தொழிற்சங்கங்கள் இருந்தன. பெண்ணே தலைமைக் கைவினைஞர், பெண்ணே சிறுமிகளுக்குக் கற்றுத் தருபவர். பிறகு அந்தக் கதவுகள் மெல்ல மூடின. பல தொழில்களில் ஒரு பெண் பட்டறை நடத்த ஒரே வழி, கைவினைஞரான கணவர் இறந்துபோய், விதவை என்ற உரிமையில் நடத்துவது. வெகு காலம் கழித்தும், மேற்கு ஜெர்மனியில் கட்டுமானத்தின் முக்கிய வேலைகளில் பெண்களை அமர்த்தக் கூடாது என்ற சட்டத் தடை இருந்தது. எப்போது வரை என்று நினைக்கிறீர்கள்? 1994 வரை! உங்களில் பலருடைய அம்மா அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார். இன்றும் அங்கே மைஸ்டர் ஆகும் பெண்களில் பலர் முடிதிருத்தம், தையல், மூக்குக் கண்ணாடி, கேக் செய்வது போன்ற தொழில்களில்தான் இருக்கிறார்கள். கூரை போடுவதிலும் மின்பணியிலும் இன்னும் சிலரே. ஆனால் அந்தச் சிலரைத் தடுக்க இப்போது யாரிடமும் சட்டம் இல்லை.

நம் மரபு என்ன சொல்கிறது? மேடையில் பேசுவதுபோல் “அன்றே நம் முன்னோர்கள்...” என்று தொடங்க எனக்கு விருப்பமில்லை. இருப்பதைச் சொல்கிறேன். சங்கப் புலவர்களில் ஒருவர் வெண்ணிக் குயத்தியார். கரிகாலனைப் பற்றிப் பாடியவர். அவருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஊர்ப் பெயரும் தொழிலும் சேர்ந்த இந்தப் பெயரில்தான் புறநானூறு அவரை வைத்திருக்கிறது. குயவருக்குப் பெண்பால் குயத்தி. அதன் மேல் ‘ஆர்’. கொத்தனாருக்குக் கிடைத்த அதே ‘ஆர்’. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் நம் மொழிக்கு அதைச் சொல்லத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. திருவள்ளுவர் நெசவு செய்தார் என்பது மரபு. வாசுகி அம்மையாரைப் பற்றி என்ன சொல்கிறோம்? கணவர் கூப்பிட்டதும் கிணற்றுக் கயிற்றை விட்டுவிட்டு ஓடி வந்தார் என்று. தறிக்கு நூல் எங்கிருந்து வந்தது என்று கதை சொல்லும் யாரும் கேட்பதில்லை. ஒரு தறி ஓட வேண்டுமென்றால் பல கைகள் நூல் நூற்றாக வேண்டும். இந்தியாவில் 2019-20-இல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவாளர்களும் துணை வேலை செய்பவர்களுமாக 35.22 லட்சம் பேர். அதில் 72 விழுக்காட்டினர் பெண்கள். சரி, ‘மாஸ்டர் வீவர்’ என்று பட்டுச்சேலைக் கடைக்காரர் கையைக் காட்டினால் அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்?

ரொம்ப தூரம் போக வேண்டாம். செஞ்சா சாலையில் இருக்கும் என் அத்தை முப்பது வருஷமாக வீவக வீட்டில் ரவிக்கை தைக்கிறார். அளவு எடுக்காமல், ஆளைப் பார்த்தே வெட்டுவார். பத்துப் பேருக்காவது சொல்லிக் கொடுத்திருப்பார். அவரிடம் வெட்டப் பழகிய பையன் ஒருவர் இப்போது தேக்காவில் ஒரு கடையில் இருக்கிறார். அவரை எல்லாரும் ‘மாஸ்டர்’ என்று கூப்பிடுகிறார்கள். என் அத்தை ‘தைக்கிற அக்கா’. அவரிடம் இதைச் சொன்னால், “போடா, மாஸ்டர்னு கூப்பிட்டா ரெண்டு வெள்ளி கூடவா குடுக்கப் போறாங்க?” என்பார். உண்மையில் கொடுக்கிறார்கள். அதே ரவிக்கைக்கு அந்தக் கடையில் கூலி அதிகம்.

இங்கேதான் நம் பிள்ளைகளில் சிலருக்கு ஒரு தயக்கம் வருகிறது. நம் சந்திப்பில் இதைப் பேசியபோது பெரியவர் ஒருவர் அன்பாகக் கேட்டார்: “தம்பி, கடமையைச் செய், பலனை எதிர்பார்க்காதேன்னு கீதை சொல்லுது. அப்புறம் பேரு, பட்டம், சர்டிபிகேட்டு எல்லாம் எதுக்குப்பா? அந்தம்மா நல்லா தைக்கிறாங்க. அது போதாதா?”

நல்ல கேள்வி. அவருக்கு அன்று நான் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சுலோகத்தைக் கண்ணன் யாரிடம் சொன்னான்? காண்டீபத்துக்குச் சொந்தக்காரனான அர்ச்சுனனிடம். வில்லாளி என்ற பெயர் அவனுக்கு ஏற்கெனவே இருந்தது. துரோணரிடம் படித்தவன், தேர் உண்டு, கொடி உண்டு. எல்லாம் இருக்கிறவனிடம், இதன் மேல் பற்று வைக்காதே என்று சொல்வது ஞானம். துரோணர் கற்றுத் தர மறுத்த ஏகலைவனிடம் போய், கட்டை விரல் போன பிறகு, பலனை எதிர்பார்க்காதே என்று சொன்னால் அதற்குப் பெயர் வேறு. பற்றறுத்தல் நான் எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டிய உபதேசம். அடுத்தவருக்குச் சேர வேண்டியதைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்குச் சொல்லும் உபதேசம் இல்லை.

இன்னொன்று. அந்தச் சுலோகத்தில் ‘அதிகாரம்’ என்றே ஒரு சொல் வருகிறது. கர்மத்தில் உனக்கு அதிகாரம் உண்டு, பலனில் இல்லை என்பது அதன் பொருள். நாம் எல்லாரும் பின்பாதியையே பிடித்துக்கொள்கிறோம். முன்பாதி என்ன சொல்கிறது? செயலின் மேல் உனக்கு உரிமை இருக்கிறது என்கிறது. முதலில் அந்த உரிமையைக் கொடுத்த பிறகுதான் பலனைப் பற்றிய பேச்சே வருகிறது. சித்தாளுக்கு மறுக்கப்படுவது பலன் மட்டுமா? கரண்டியே மறுக்கப்படுகிறது. மைஸ்டர் சான்றிதழைச் சுவரில் மாட்டும் அலங்காரமாகப் பார்த்தால் அது பலன். வேலையை என் பொறுப்பில் செய்யலாம், பிறருக்குக் கற்றுத் தரலாம், தவறானால் நானே பதில் சொல்வேன் என்ற உரிமையாகப் பார்த்தால் அது அதிகாரம். நான் இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். அதைக் கேட்பது ஆசை என்று எனக்குத் தோன்றவில்லை.

பெரியவர் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டாரா என்று தெரியாது.

என் சித்தப்பா மகள் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் சும்மா பேச்சாக இருக்கவில்லை. தங்கச்சி உயர்நிலைப் பள்ளி முடித்ததும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் மின்பொறியியல் படிக்கப் போகிறேன் என்றாள். மேற்குக் கல்லூரி இங்கிருந்து பக்கம்தான், சுவா சூ காங்கில். வீட்டில் இரண்டு வாரம் சோறு சரியாக இறங்கவில்லை. சித்தி அழுதுகொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “உங்க தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்துல கேபிள் இழுத்தாரு. நீயும் கேபிள் இழுக்கவாடி உன்னைப் படிக்க வச்சேன்?” சித்தியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கூலி வேலையின் அவமானத்தைப் பார்த்து வளர்ந்தவர். மகள் அதிலிருந்து தப்ப வேண்டும் என்று நினைத்தார். ஆனால் அவமானம் கேபிளில் இருந்ததா, தாத்தாவைக் கடைசி வரை கேபிள் இழுப்பவராகவே வைத்திருந்ததில் இருந்ததா?

தங்கச்சி படித்து முடித்து இப்போது மின்பணிக் குத்தகையாளர் ஒருவரிடம் வேலை பார்க்கிறாள். கதவைத் திறப்பவர்கள் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்களாம். “எலக்ட்ரீஷியன் எங்கம்மா?” “நான்தாங்க அங்கிள்.” இது அவளுக்குப் பழகிவிட்டது, சிரித்துக்கொண்டே சொல்வாள். அவளை உறுத்துவது வேறு. பழுதைக் கண்டுபிடிப்பது அவள், சோதனை செய்வது அவள், கடைசியில் தாளில் கையெழுத்து போடுவது வேறொருவர். இது யாரும் செய்யும் அநியாயம் இல்லை, சட்டம் அப்படித்தான். சிங்கப்பூரில் மின்பணிக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் வேண்டும். மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலை உரிமம் இருந்தால் 45 கிலோவோல்ட் ஆம்பியர் வரை, அடுத்ததற்கு 150 வரை, அதற்கு மேல் பொறியாளர் நிலை. படிப்போடு அனுபவமும் காட்ட வேண்டும். அவள் மாதங்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள். “அண்ணே, கையெழுத்து போடுற உரிமை வந்துட்டா, எலக்ட்ரீஷியன் எங்கன்னு கேக்குறவங்களுக்கு நான் வாயைத் திறக்கவே வேணாம், அட்டையைக் காட்டினா போதும்.”

காகிதத்தை இவ்வளவு நம்பலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான சந்தேகம். ஜெர்மனியிலேயே இதில் பெரிய சண்டை நடந்தது. மைஸ்டர் இல்லாமல் கடை திறக்க முடியாத தொழில்கள் 94 இருந்தன. கதவு ரொம்பக் குறுகல் என்று 2004-இல் அதை 41 ஆகக் குறைத்தார்கள். தையலும் அப்போது திறந்துவிடப்பட்டது. பிறகு தரம் குறைகிறது, பயிற்சி தருபவர்கள் குறைகிறார்கள் என்ற கவலை வந்து, 2020-இல் தரையோடு பதிப்பது உட்பட 12 தொழில்களுக்கு மறுபடி கட்டாயமாக்கினார்கள். காகிதம் ஆளை உள்ளே விடவும் செய்யும், வெளியே நிறுத்தவும் செய்யும். அத்தையைப் போன்றவர்களை அது வெளியேதான் நிறுத்தும்.

இருந்தாலும் நான் காகிதத்தின் பக்கம்தான். காரணம் இதுதான். நம்மிடம் தொழில் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனது. சிற்பமும் தச்சும் பொன்வேலையும் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன, அதன் அருமையை நான் மறுக்கவில்லை. கும்பாபிஷேகம் என்றால் இன்றும் நம் கோயில்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகளை வரவழைக்கிறோமே. ஆனால் அந்த வழியில் மகள் “இன்னொரு வீட்டுக்குப் போறவ”. அவளுக்குச் சொல்லிக் கொடுத்தால் வித்தை வெளியே போய்விடும். தேர்வு மட்டும்தான் நீ யார் மகள், யார் மனைவி என்று கேட்பதில்லை. மாமல்லபுரத்தில் 1957-இல் அரசு சிற்பக் கல்லூரி வந்ததை நான் அதனால்தான் பெரிதாக நினைக்கிறேன். தகப்பனார் உளி பிடிக்காதவரும் அங்கே விண்ணப்பம் போடலாம்.

சிங்கப்பூரின் கதையில் ஒரு வளைவு உண்டு, நம்மில் பலருக்குத் தெரியாதது. 1969-இல் உயர்நிலை முதல் இரண்டு ஆண்டுகளில் எல்லா மாணவர்களும், மாணவிகளில் பாதிப் பேரும் தொழில்நுட்பப் பாடம் படித்தார்கள். உலோக வேலை, மரவேலை. தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்த நேரம், கைகள் தேவைப்பட்டன. 1985-இல் மாணவிகளுக்கு மனையியல் கட்டாயமானது. அரத்தையும் ரம்பத்தையும் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்கள். இரு பாலரும் இரண்டையும் படிக்கலாம் என்று ஆனது தொண்ணூறுகளில்தான். தேவை இருக்கும்போது திறக்கும் கதவு, தேவை தீர்ந்ததும் மூடும். எழுபதுகளில் இங்கே தேசியத் தொழிற்சான்றிதழ் மூன்று படிகளாக வந்தபோது உச்சிப் படி மாஸ்டர் நிலைதான். 1990-இல் ஜெர்மன் முறையைப் பார்த்தே புதிய தொழிற்பழகுநர் திட்டமும் வந்தது. இப்போது ஸ்கில்ஸ்ஃபியூச்சர் விருது ஒன்று தருகிறார்கள். திறமையோடு, பிறரை வளர்த்துவிட்டாரா என்றும் பார்க்கிறார்கள். அந்த நான்காம் பகுதி இங்கேயும் வந்துவிட்டது. அத்தைக்காக அந்தப் படிவத்தை வாசித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முப்பது வருஷ ரவிக்கைக்கு ரசீது எங்கே இருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

ஒரு வேலையை மட்டும் நாமே செய்யலாம் என்று குழுவில் முடிவாகியிருக்கிறது. சரஸ்வதி பூஜையன்று கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது யார்? வீட்டுப் பெண்கள். கருவி யாருடையது? பெரும்பாலும் அப்பாவுடையது, அண்ணனுடையது. இந்த ஆண்டு நம் பூஜையில் பெண்கள் தாங்கள் வேலை செய்யும் கருவியைக் கொண்டுவந்து வைக்க வேண்டும், பக்கத்தில் ஓர் அட்டையில் பெயரும் தொழிலும் எழுத வேண்டும். தங்கச்சி இன்சுலேஷன் சோதிக்கும் மெகர் கருவியைக் கொண்டுவருகிறாள். அட்டையில் என்ன எழுதுவது என்று கேட்டாள். ‘மின்பணியாளர்’ என்று எழுதச் சொன்னேன். “உரிமம் வரலியே அண்ணே” என்றாள். உரிமம் தனி, தொழில் தனி, எழுதும்மா என்றேன்.

அத்தையின் கத்தரிக்கோல்தான் இன்னும் உறுதியாகவில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுக்க வேண்டும். தீபாவளி ரவிக்கைகள் இருபதுக்கு மேல் குவிந்திருக்கின்றன, ஒரு நாள் முழுக்கக் கத்தரிக்கோல் இல்லாமல் நான் என்னடா செய்வேன் என்கிறார்.